கரடியூர் காட்டெருமையூர் ஆன கதை

கரடியூருக்குப் புதுப்பெயர் வைத்தவள் நான்தான். வேண்டுமென்று வைக்கவில்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினேன், ஊர்ப் பெயர் மாறிவிட்டது. பத்து நாள் கழித்துத்தான் எனக்கே தெரியும்.

நானும் என் கணவரும் அவர் ஊரான சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து குடியேறி ஏழெட்டு வருடம் ஆகிறது. அவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கரடியூருக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன வீடும், அதைச் சுற்றிக் கொஞ்சம் காபிச் செடியும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருடைய போன் நின்றுபோனாலும் என்னிடம்தான் வரும். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டரில் போன் கிடையாது என்று சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் வேலையில் சேர்ந்து நாற்பத்தைந்து வருடம் இருக்கும். அப்போது எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டரே இல்லை. அட்டையில் ஓட்டை போட்டு, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று அடுக்கி, ரப்பர் பேண்ட் மாட்டி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய், ஊரின் இன்னொரு மூலையில் இருந்த மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் அந்த அட்டையை உருவிவிட்டு வேறோர் அட்டையைச் செருக வேண்டும். திருத்துவதற்கு எடிட்டர் என்று தனியாக ஒரு நிரலும் கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான்.

ஒருநாள் டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் என் மடியிலிருந்த முந்நூறு அட்டையும் பறந்தன. பஸ்ஸில் இருந்த எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள், அவரவருக்குப் பிடித்த வரிசையில். கண்டக்டர் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை தடவைம்மா டிக்கெட் எடுத்தே, இத்தனை ஓட்டை விழுந்திருக்கு?" என்று கேட்டார்.

பிறகு எங்களுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவு. அதன் பெயர் மினி கம்ப்யூட்டர். அறைக்கு ஏசி உண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மே மாதத்தில் கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், கேண்டீன் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் விஞ்ஞான ஆர்வத்தோடு உள்ளே வந்து நிற்பார்கள்.

அதில் திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒன்று இருக்கும். நாம் அடிப்பதும் கம்ப்யூட்டர் சொல்வதும் நீளச் சுருள் தாளில் கடகடவென்று விழும். அந்தத் தாளில்தான் நான் வரி எடிட்டரைக் கற்றுக்கொண்டேன். அதில் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகப் பார்க்க முடியாது. பன்னிரண்டாம் வரியைக் காட்டு என்று கேட்டால் பன்னிரண்டாம் வரியை மட்டும் காட்டும். நீக்கு என்றால் நீக்கும். நீக்கிவிட்டேன் என்று சொல்லாது. தப்பாக ஏதாவது கேட்டுவிட்டால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தப்பு, எங்கே தப்பு என்றெல்லாம் கிடையாது. வெறும் கேள்விக்குறி. கல்யாணமான புதிதில் என் கணவரிடம் அதே குணத்தைக் கண்டபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

எழுதத் தொடங்க ஒரு கட்டளை உண்டு. எழுதி முடித்தபின் தனி வரியில் ஒரு புள்ளி மட்டும் வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைத்தால்தான் அடுத்து நாம் சொல்வதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வைக்க மறந்துவிட்டால், நாம் என்ன சொன்னாலும் கட்டுரையின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டு பதிவுசெய்துகொண்டே போகும்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதம், இயக்குநருக்குப் போக வேண்டிய அறிக்கை ஒன்றை அடித்தேன். புள்ளியை மறந்தேன். காட்டு என்றேன், காட்டவில்லை. சேமி என்றேன், பதிலில்லை. வெளியேறு என்று மூன்று தடவை அடித்தேன். ஆங்கிலத்தில் முழு வார்த்தையாகவே அடித்துப் பார்த்தேன். ஸ்டாப் என்றேன். எண்ட் என்றேன். கடைசியில் ப்ளீஸ் என்று அடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் திரும்புவதற்குள் சீனியர் ஒருவர் புள்ளியை வைத்து, சேமித்து, அச்சிட்டு, அறிக்கையை மேலே அனுப்பியிருந்தார். படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் அறிக்கை திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் நான் கெஞ்சிய வரிகள் எல்லாம் வரிசையாக நின்றன. ப்ளீஸ் என்ற வார்த்தைக்கு அடியில் இயக்குநர் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "விடுப்பு வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்கவும்."

இத்தனைக்கும் பிறகு அந்த எடிட்டரை நான் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் விரல் பழகிவிட்டது. இப்போதைய லேப்டாப்பிலும் அது ஒரு மூலையில் உயிரோடு இருக்கிறது. கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து இரண்டெழுத்து தட்டினால் வந்து நிற்கும். பெங்களூரில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு முறையும், "எல்லாரும் எழுதற மாதிரி எழுதும்மா, எழுத்து பெருசா அழகாத் தெரியும்" என்பாள். எனக்கு அழகு வேண்டாம். தமிழில் எழுதினால் அந்தக் கறுப்பு ஜன்னலில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் கலைந்துதான் தெரியும். பரவாயில்லை, அச்சில் சரியாக வந்துவிடும் என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டதில்தான் வினை வந்தது.

போன பலாப்பழ சீசனில் ஒருநாள் காலை, பக்கத்துத் தோட்டக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் சாமையும் காபியும் போடுகிற குடும்பம்.

"அக்கா, பலாமரத்துக்கடியில கரடி நிக்குதுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பனி மூட்டமா இருந்துச்சுங்க. ஆனா கருகருன்னு முதுகு தெரிஞ்சுதுங்க. உறுமுச்சுங்க. நான் ஒரே ஓட்டமா வந்துட்டனுங்க."

என் கணவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் கம்பும் தகர டப்பாவுமாகப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. நான்கு பலாப்பழங்கள் மட்டும் பாதி தின்றபடி கிடந்தன.

"போன வாரத்துலேர்ந்தே இப்படித்தானுங்க. ஒரு மனு எழுதுங்கக்கா. ஃபாரஸ்டுக்குக் குடுத்தர்லாம்" என்றார்.

மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். இருபத்தைந்து வரி. மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, கரடியூர்ப் பகுதி மக்களாகிய நாங்கள், கரடியால் படும் துன்பத்தை விரிவாகச் சொன்னேன். கரடி வரும் நேரம், கரடி போகும் திசை, கரடிக்குப் பயந்து பெண்கள் தண்ணீருக்குப் போகாதது எல்லாம் இருந்தன. முடிவில், "நாங்கள் கரடி விடுகிறோம் என்று தாங்கள் தயவுசெய்து நினைக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கணவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அவர் மறுநாள் காலை தனியாகப் பலாமரத்தடிக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தார்.

"அம்மிணி, அது கரடி இல்ல. சாணி கெடக்குது. கரடி சாணி போடாது. குளம்புத் தடமும் இருக்குது, இத்தாச்சோடு பெருசா. காட்டெருமைதான்."

"நீங்க செடி கொடி படிச்சவருதானே? சாணி எப்பப் படிச்சீங்க?"

"உரம்ங்கற பாடத்துல வரும்" என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரடின்னா அம்புட்டு உசரம் இருக்காதுங்க. காட்டெருமையாத்தான் இருக்கோணும்" என்று ஒப்புக்கொண்டார். டவுனுக்குப் போகிற பஸ் அரை மணியில் வந்துவிடும். மனுவில் பதினைந்து இடத்திலாவது கரடி இருந்தது. வேறு யாராவது என்றால் ஒவ்வொன்றாகத் தேடி அழித்துத் திருத்தியிருப்பார்கள். நான் எடிட்டரைத் திறந்து, முதல் வரி முதல் கடைசி வரி வரை கரடி என்று எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் காட்டெருமை என்று மாற்று என்று ஒரே வரியில் சொன்னேன். கேள்விக்குறி வரவில்லை. அந்த எடிட்டர் சும்மா இருந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். தமிழும் எனக்கு ஒத்துழைத்தது. கரடியை என்பது காட்டெருமையை ஆனது. கரடிக்கு என்பது காட்டெருமைக்கு ஆனது. வேற்றுமை உருபுகள் எல்லாம் தையல் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. நாற்பது வருடப் பழக்கம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, சேமித்து, டவுனில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

மனுவை வாங்கப் போனவர் என் கணவர். கடைக்காரர் சேலத்துக்காரர், அச்சடித்ததை மரியாதையோடு படித்துப் பார்க்கிறவர். அவர் என் கணவரிடம், "ஏனுங் சார், காட்டெருமையூரு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் காதில், காட்டெருமை ஊருக்குள் எந்தப் பக்கம் வருகிறது என்று விழுந்திருக்கிறது. "எங்க ஊட்டுக்குப் பின்னாலதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்துப் போட்டவர் சாலை வளைவில் டீக்கடை வைத்திருப்பவர். சொந்த எருமையின் பாலில் டீ போடுவதால் அந்தப் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். கீழே இருபத்தெட்டுப் பேர் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. நானும் போட்டேன். நானும் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும். தோட்டக்காரர் முகம் சிவக்க வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"அக்கா, விஷயம் தெரியுமுங்களா? நம்ம ஊரு பேரை மாத்தறாங்களாமுங்க."

"யாரு?"

"கவர்மெண்டுங்க. கரடியூர்ங்கறதை எடுத்துப்போட்டுக் காட்டெருமையூர்னு வைக்கறாங்களாம். பக்கத்து ஊரு வெள்ளக்கடையில பேசிக்கறாங்க, கொட்டச்சேட்டுல பேசிக்கறாங்க, பஸ்ஸுல கண்டக்டரே கேக்கறாருங்க. எங்க பாட்டன் காலத்துப் பேருங்க அது. நொம்ப அநியாயமுங்க. உடனே ஒரு மனு எழுதுங்க. நான் கையெழுத்தை முன்னாலயே வாங்கிட்டு வந்துட்டனுங்க."

தாளை நீட்டினார். மேலே காலி. கீழே முப்பத்தைந்து கையெழுத்து.

காட்டெருமையூர் என்ற சொல்லை மனதுக்குள் மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் வனக்காப்பாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், அடிவாரத்துப் பையன். தலைக்கவசத்தைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப்பையிலிருந்து எடுத்த தாள் என் மனு.

"ஏனுங்கம்மா, இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாப்பா."

"காட்டெருமையூர் எங்கீங்க இருக்குது? நேத்துலேர்ந்து தேடறனுங்க. வெள்ளக்கடையில கேட்டா கொட்டச்சேடு பக்கம்ங்கறாங்க. கொட்டச்சேட்டுல ஒருத்தரு, நல்லாத் தெரியும், ரெண்டு மேடு தாண்டிப் போங்க, கோயில் வரும்னாரு. போனனுங்க. கோயிலு வந்துச்சுங்க. ஊரைக் காணமுங்க."

தோட்டக்காரர் பாய்ந்தார். "பாத்தீங்களாக்கா? ஆபீசர் கையில ஆர்டரே வந்துருச்சு."

"ஆர்டர் இல்லீங்க, மனுவுங்க. உங்க கையெழுத்தும் இருக்குதுங்களே, ரெண்டாவதா."

தோட்டக்காரர் தாளை வாங்கிப் படித்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். காட்டெருமையூர்ப் பகுதி மக்களாகிய நாங்கள் என்ற இடத்தில் உதடு நின்றுவிட்டது.

வனக்காப்பாளர் என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணுங்கம்மா. கடைசியில எழுதியிருக்கீங்களே, நாங்கள் காட்டெருமை விடுகிறோம் என்று தாங்கள் நினைக்க வேண்டாம்னு. அப்படி நாங்க யாரும் நினைக்கலீங்களே. எங்க ரேஞ்சர் அதைப் படிச்சதுலேர்ந்துதானுங்க சந்தேகப்படறாரு. யார்கிட்டயாவது காட்டெருமை இருக்குதான்னு விசாரிச்சுட்டு வரச் சொன்னாரு."

உள்ளேயிருந்து என் கணவரின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் அவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரடி என்று முதலில் எழுதியது, பிறகு மாற்றியது, ஊரின் பெயருக்குள்ளும் ஒரு கரடி இருப்பதை நான் மறந்தது, நான் சொன்னதை எடிட்டர் சொன்னபடியே செய்தது. தோட்டக்காரர் மனுவை வனக்காப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்ப கவர்மெண்டு மாத்தலீங்களா?" என்றார்.

"இல்ல தம்பி. நான்தான் மாத்திட்டேன்."

"நீங்கன்னா பரவால்லீங்க" என்று பெருமூச்சு விட்டார். அதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

வந்ததற்கு இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று வனக்காப்பாளர் எழுந்தார். பலாமரத்தடிக்குப் போனோம். அன்று காலையும் ஒரு பழம் போயிருந்தது, தடம் புதிதாக இருந்தது. என் கணவர் முன்னால் போய் உரப் பாடத்தை ஆரம்பித்தார். வனக்காப்பாளர் குனிந்து தடத்தைப் பார்த்தார், சாணியைக் குச்சியால் கிளறினார், கொஞ்சம் தள்ளி வேலிக்கம்பியில் மாட்டியிருந்த எதையோ எடுத்தார். அறுந்துபோன நீல நைலான் கயிறு. நுனியில் ஒரு சின்னப் பித்தளை மணி.

"சார், இது காட்டெருமை இல்லீங்க" என்றார். "ஊட்டெருமைங்க."

மணியை ஆட்டினார். அதன் சத்தம் எங்கள் எல்லோருக்கும் பழக்கமானது. நாங்கள் டீ குடிக்கும்போதெல்லாம் கடைக்குப் பின்னாலிருந்து கேட்பது.

டீக்கடைக்காரரை வரச் சொன்னோம். அவர் வந்து மணியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், தன் முதல் கையெழுத்தைப் பார்த்தார். "கட்டித்தானுங்க வைக்கறேன். அவ எப்ப அவுத்துட்டு வாரான்னே தெரியலீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில், "அதான் இந்த ரெண்டு மூணு வாரமாப் பாலு நொம்பத் திக்கா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்களா" என்றார். தோட்டக்காரர் சிரித்துவிட்டார். தின்றது அவர் பழம் என்பதால், அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தோம்.

வனக்காப்பாளர் மனுவின் பின்பக்கத்தில், விலங்கு அடையாளம் காணப்பட்டது, உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார். ஊர் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ஏற்காடு வட்டம் என்று மட்டும் போட்டுக்கொண்டார்.

அவர் போனபின் தோட்டக்காரர் கையிலிருந்த தாளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. முப்பத்தைந்து கையெழுத்து. ஒரு காலை முழுக்க மேடேறி இறங்கி வாங்கியது.

"இதைத் தூக்கிப் போட மனசு வரலீங்க. வேற எதாவது கேட்டு எழுதுங்கக்கா."

என்ன கேட்பது என்று யோசித்தோம். டீக்கடைக்காரர் சாலை என்றார், சாலை நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் நூலகம் என்றார், தோட்டக்காரர் அடுத்த யோசனையைக் கேட்டார். கடைசியில், மாலை நான்கு மணிக்கு ஒரு பஸ் எங்கள் வளைவு வரை வந்து திரும்ப வேண்டும் என்று கேட்கலாம் என்று முடிவானது. காலி இடத்தில் நான் பேனாவால் எழுதினேன். இந்த முறை தோட்டக்காரர் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கவைத்துக் கேட்டார். ஊர் பெயர் வந்த இடத்தில் இரண்டு தடவை.

யாரும் எதிர்பார்க்கவில்லை, இரண்டு மாதத்தில் பஸ் வந்துவிட்டது. ஒரு வாரம் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். முதல் நாள் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வளைவில் நின்றோம். தோட்டக்காரர் கண்ணாடிக்கு மாலை போட்டார். டீக்கடைக்காரர் டிரைவருக்கு டீ கொடுத்தார். பஸ் திரும்பி நின்றது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "சரிங்க, ஏறுங்க, போலாம்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாலை நான்கு மணிக்கு எங்களில் யாருக்கும் டவுனில் எந்த வேலையும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். காலியாகத் திருப்பி அனுப்பினால் நாளையிலிருந்து வராது என்று தோட்டக்காரர் என் காதில் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி ஏறினார். அவர் பின்னால் நான் ஏறினேன், என் கணவர் ஏறினார், கடையைச் சாத்திவிட்டு டீக்கடைக்காரர் ஏறினார். மொத்தம் ஒன்பது பேர். ஏரிக்கரையில் இறங்கி, சுற்றுலா வந்தவர்கள் படகில் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். ஆளுக்கொரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். பிறகு அதே பஸ்ஸில், அதே இருக்கைகளில் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பினோம். அந்த வாரம் முழுக்க, முறை வைத்துக்கொண்டு, தினமும் ஒன்பது பேர் போனோம்.